முள் பூச்சியத்தில் நின்ற பிறகு

பாளையங்கால் வாய்க்கால் கரையோரமாக மேலப்பாளையத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு சாரம், ஒரு தட்டு. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அரை மணி நேரமாக நடக்கிறேன், திரும்பினால் ஆராய்ச்சி நிலையத்தின் தண்ணீர்த் தொட்டி இன்னும் தெரிகிறது. பஸ்ஸில் போயிருக்கலாம். ஏறினால் யாராவது எங்கே போகிறீர் என்று கேட்பார்கள்.

வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் பழக்கம்தான். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டதில் ஆரம்பித்தது. உவரியில் மீன் பெட்டி சுமந்தேன். மணிமுத்தாறில் அணைப்பக்கம் ஒரு ஓட்டலில் மாவாட்டினேன். நாக்பூர் வரை லாரியில் கிளீனராகப் போய் வந்தேன். எந்த இடத்தை விட்டுக் கிளம்பும்போதும் யாரிடமும் சொன்னதில்லை. எதையும் எழுதி வைத்ததுமில்லை. இந்த முறை ஒரு நோட்டில் மூன்று வரி எழுதி வைத்துவிட்டு வந்தேன். நான் எதையாவது எழுதி இருபது வருடம் இருக்கும். அந்த நோட்டுக்காரியைப் பற்றித்தான் இது.

அந்தம்மாவுக்கு ஒரு பெயர் உண்டு. நிலையத்தில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. முன்னால் மேடம், பின்னால் ‘இருவது நிமிசம்’. “ஏலே, இருவது நிமிசம் வந்தாச்சா?” என்று ஆராய்ச்சி மாணவர்கள் வராந்தாவில் கேட்டுக்கொள்வார்கள். அந்தம்மாவுக்குக் கேட்கும். ஆனால் வலது காதில்தான். இடது காது கேட்காது. வேறு ஊரில் வேறு ஒரு ஆய்வகத்தில் இதே வேலை பார்த்தபோது ஏதோ வெடித்ததாம். வாட்ச்மேன் சொன்னது இது. அந்தம்மா சொன்னதில்லை.

நாங்கள் வேலை பார்த்த அறைக்குப் பக்கத்து அறையில் ஆளைவிட உயரமாக ஒரு காந்தம் இருந்தது. என்.எம்.ஆர் கருவி என்பார்கள். ஒரு பொருளைச் சின்னக் குழாயில் போட்டு அதற்குள் இறக்கினால், உள்ளே எது எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது கணினியில் கோடு கோடாக வரும். எங்கள் சாருடைய ஆராய்ச்சி, ஆலைப் புகையில் வரும் கரியமில வாயுவைப் பூமிக்கடியில் களிமண்ணில் அடைத்து வைத்தால் தங்குமா என்பது. பூமிக்கடியில் இருக்கும் அழுத்தத்தை மேசை மேல் கொண்டுவர வேண்டும். அதுதான் அந்தம்மாவின் வேலை.

குழாய் பென்சில் தடிமன் இருக்கும். பார்க்கக் கண்ணாடி மாதிரி, ஆனால் நீலக்கல் இனம். நிறம் மட்டும் கிடையாது. அதில் குளத்துக் களிமண் பொடியைத் தட்டித் தட்டி நிரப்புவார். இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவார். தலையை மூடி மரையைத் திருகி, மெல்லிய எஃகுக் குழாயால் வாயு சிலிண்டரோடு சேர்ப்பார். பிறகு கைச்சக்கரத்தைச் சுற்ற வேண்டும். லாரி டயரில் இருப்பதைப்போல் பன்னிரண்டு மடங்கு ஏறும். சிலிண்டர் உருட்டுவதும் சக்கரம் சுற்றுவதும் என் வேலை. அதற்குத்தான் வாட்ச்மேன் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

எனக்கு நாற்பத்து நாலு. அந்தம்மாவுக்கு ஆறேழு வயது குறைவாக இருக்கும். மேலும் கீழும் பார்த்தார்.

“லாரில இருந்தியன்னு சொல்லுதாவ. டயரு வெடிச்சுப் பாத்திருக்கியளா அண்ணாச்சி?”

“ஒருக்கா. நாக்பூர் பக்கம்.”

“அப்பம் எங்கன நின்னிய?”

“சைடுல.”

“சரி. இங்கனயும் அங்கனயே நில்லுங்க.”

அவ்வளவுதான், வேலைக்கு எடுத்துவிட்டார்.

சேர்ந்த வாரத்தில் ஒருநாள், காந்தத்தில் வைத்து எடுத்த குழாயைத் திரும்ப மாட்டி வாயுவை வெளியே விட்டுக்கொண்டிருந்தோம். அழுத்தம் காட்டும் முள் பைய இறங்கிப் பூச்சியத்துக்கு வந்து நின்றது. நான் ஸ்பேனரை எடுத்தேன்.

“முள்ளு பூச்சியத்துக்கு வந்துட்டு மேடம். கழட்டவா?”

“முள்ளு எங்கன இருக்கு?”

“பூச்சியத்துல.”

“அத கேக்கல. எங்கன மாட்டியிருக்கு?”

காட்டினேன். குழாயிலிருந்து இரண்டு முழம் தள்ளி மாட்டியிருந்தது.

“இந்த வாயுவ வேகமா வெளிய விட்டா அது பனியா உறைஞ்சி நடுவுல அடைச்சிக்கிடும். அடைப்புக்கு இந்தப் பக்கம் ஒண்ணுமே இருக்காது. முள்ளு பூச்சியம்னு சொல்லும். அந்தப் பக்கம் அம்புட்டும் அப்படியே உக்காந்திருக்கும். முள்ளு பொய் சொல்லாது அண்ணாச்சி. அது நிக்குத எடத்ததான் சொல்லும்.”

அதனால் முள் பூச்சியத்துக்கு வந்த பிறகு இருபது நிமிடம். முக்காலியைப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டு, வலது காதை மேசைப் பக்கம் வைத்து உட்காருவார். போனை எடுக்க மாட்டார். பேச மாட்டார். இருபது நிமிடம் ஆனதும் எழுந்து புறங்கையால் எஃகுக் குழாயைத் தொடுவார். குளிர்ந்தால் மறுபடி உட்காருவார். குளிர் போயிருந்தால்தான் மரையைத் தொடுவார், அதையும் இரண்டு விரலால்.

“ரெண்டு விரலுக்கு வரணும். வரலன்னா உள்ள ஆளு இருக்குன்னு அர்த்தம்.”

“கக்கூஸ் கதவு மாதிரி.”

சிரித்தார். வருடத்துக்கு நாலு தடவை சிரிப்பார் என்று நினைக்கிறேன். அதில் ஒன்றை நான் வாங்கியிருக்கிறேன்.

காந்த அறைக்குள் இரும்பு போகக் கூடாது. மற்றவர்கள் வாசலில் நின்று சாவி, பெல்ட், பின்னூசி என்று ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். அந்தம்மா கழற்ற ஒன்றும் இருக்காது. சேலை மடிப்பைக் காலையில் ஊசி நூலால் தைத்துக்கொண்டு வருவார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் நூலை அறுத்தால்தான் சேலை அவிழும். தினமும் தையல், தினமும் அறுப்பு. “பின்னூசிய ஒரு நாளைக்கு மறந்துருவோம்” என்றார் காரணம் கேட்டபோது. மறந்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் அந்தம்மா வந்த பஸ்ஸில் நானும் வந்தேன். பாளையங்கோட்டை பஸ் நிலையத்தில் பஸ் நின்றது. எல்லோரும் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். அந்தம்மா மடியில் பையோடு உட்கார்ந்தே இருந்தார். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிறார், அப்போதுதான் இவர் எழுந்திருக்கிறார். கண்டக்டர், “யக்கா, பஸ்ஸு நின்னு பொழுது விடிஞ்சிட்டு” என்றான். “தெரியும்ப்பா” என்றார்.

அந்தம்மா ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். எந்த மண், எத்தனை அழுத்தம், யார் திறந்தது, யார் மூடியது, எத்தனை மணிக்கு. எல்லாம் ஒரே அளவு எழுத்தில். “நேரம் போடாத வரி வரியில்ல அண்ணாச்சி. அது பேச்சு” என்பார்.

இப்படிச் சொல்லிக்கொண்டு போனால் ஏதோ நல்ல மனுஷி என்று தோன்றும். எனக்கு எப்போதும் அப்படித் தோன்றியதில்லை. அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தி ஒருத்தர் வாயைத் திறந்து அழ ஆரம்பித்தார். “கொஞ்சம் பொறுங்க சித்தி” என்றார் அந்தம்மா. கட்டிலுக்குப் பக்கவாட்டில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸ் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள். எட்டுப் பேர் அந்த அறையில் அழாமல் நின்றோம். இருபது நிமிடம் கழித்து எழுந்து, புறங்கையை அம்மாவின் பாதத்தில் வைத்தார். எடுத்தார்.

“சரி. இனி அழுங்க” என்றார்.

“இவ என்ன பிறவியோ” என்று சித்தி என்னிடம் சொன்னார். கோயிலில் பாடல் முடிந்த பிறகும் கடைசியாக எழுந்து போவது இவர்தானாம். அப்படி ஒரு பொறுமையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ முடியாது என்று நினைத்தேன். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று யாரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் உடனே பதில் வந்திருக்காது.

சார் கெட்டவர் இல்லை. அவசரக்காரர். காந்தத்தை நாலைந்து குழுக்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எங்களுக்குக் குறித்த நேரத்தில் குழாய் உள்ளே போகாவிட்டால் அடுத்த முறை மூன்று வாரம் கழித்துத்தான். கடைசி இரண்டு மாதத்தில் இருபது நிமிடம் இருபது நிமிடமாகப் போய் இரண்டு முறை தவறவிட்டோம். அந்தம்மாவின் வேலை வருடா வருடம் நீட்டித்துக் கடிதம் கொடுக்கும் வேலை. அந்த வருடக் கடிதம் இன்னும் வரவில்லை.

“வேகமா செய்யுத ஆளு கெடைப்பாங்கன்னு சார் பேசிக்கிட்டிருக்காரு வே” என்று வாட்ச்மேன் என்னிடம் சொன்னார். “உம்ம மேடத்துட்ட சொல்லும்.”

சொன்னேன். “அப்படியா” என்றார். அன்றைக்கும் இருபது நிமிடம்தான்.

அந்தத் திங்கள்கிழமை எங்களுக்குப் பன்னிரண்டு மணிக்குக் காந்தம். காலையில் வைத்த குழாயை எடுத்து வந்து மாட்டியாயிற்று. வாயுவை வெளியே விட்டுவிட்டு, மண்ணை மாற்றி, மறுபடி ஏற்ற வேண்டும். அப்போது சார் ஆள் அனுப்பினார். தாமதத்தைப் பற்றிப் பேச வேண்டும், உடனே வரச் சொன்னார். அந்தம்மா வால்வைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நான் வார வரைக்கும் ஒண்ணையும் தொடாதிய அண்ணாச்சி.”

போய்விட்டார். சாரின் அறைக் கதவு வராந்தாவின் கோடியில். குரல் கேட்டது. சாருடைய குரல் மட்டும்தான் கேட்டது. மணி பதினொன்றேகாலைத் தாண்டியது. இந்த முறையும் தவறினால் அந்தம்மாவுக்குக் கடிதம் வராது என்று எனக்குத் தெரியும். நூறு தடவை பார்த்த வேலை. நான் செய்து வைத்துவிட்டால் வந்து பார்த்து நிம்மதியாவார் என்று நினைத்தேன். இதில் உபகாரம் எவ்வளவு, எனக்கும் தெரியும் என்று காட்டும் ஆசை எவ்வளவு என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை.

வால்வைத் திறந்தேன். பைய அல்ல. சீறிக்கொண்டு வெளியே வந்தது. முள் விழுந்து பூச்சியத்தில் நின்றது. எஃகுக் குழாயில் ஒரு விரல்கடை அளவுக்கு வெள்ளை பூத்திருந்தது. அழகாக இருந்தது என்றுகூட நினைத்தேன். ஸ்பேனரை வைத்தேன். மரை இறுக்கமாக இருந்தது. இரண்டு விரலுக்கு வரவில்லை. ஸ்பேனரின் நுனியைப் பிடித்து அழுத்தினேன். கால் திருகு வந்தது.

“அண்ணாச்சி.”

வாசலில் நின்றார். கத்தவில்லை. மாடு மேய்ப்பவரிடம் வழி கேட்கிற குரல்.

“ஸ்பேனர அங்கனயே விடுங்க. கைய எடுங்க. பைய, என்னயப் பாத்து வாங்க. திரும்பிப் பாக்கக் கூடாது.”

ஐந்து அடி எடுத்து வைத்திருப்பேன். அடித்தது. குழாயின் மூடி, மேசை மேலிருந்த தடுப்புப் பலகையைப் பெயர்த்துக்கொண்டு கூரையில் பட்டுத் தெறித்தது. நான் நின்ற இடம் முழுக்க அந்த நீலக்கல் குழாயின் சில்லுகள். மேலே பார்த்தால் குளத்துக் களிமண் கூரையில் அப்பியிருந்தது. சாம்பல் நிறம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். அந்தம்மா தன் வலது காதைக் கையால் பொத்தியிருந்தார். எடுத்து, விரலைக் காதருகே சொடுக்கிப் பார்த்துக்கொண்டார். கேட்டிருக்க வேண்டும். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

சார் ஓடி வந்தார். குழாய் போனது, தலைப்பகுதி போனது, இரண்டு மாத வேலை போனது.

“யாரு திறந்தது?”

“நான் ரூம்ல இல்ல சார்” என்றார் அந்தம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவரைக் கேட்டு என்ன ஆகப்போகுது? படிக்காத ஆளு. நீங்க தொடக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கணும்ல? சொல்லாம எப்படி வந்தீங்க?”

படிக்காத ஆளு. என்னை எத்தனையோ பேர் அந்த வார்த்தையால் அடித்திருக்கிறார்கள். அன்றைக்கு அது குடை மாதிரி இருந்தது. அதற்கடியில் போய் நின்றுகொண்டேன். அந்தம்மா பதில் சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டிய பதில்.

சார் போன பிறகு வராந்தாவில் நான் சுவரோரம் உட்கார்ந்தேன். அந்தம்மா தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்குப் பக்கவாட்டில் போட்டு, வலது காதை என் பக்கம் வைத்து உட்கார்ந்தார். மடியில் கை. எனக்குப் புரிந்துவிட்டது. எதிரே கடிகாரம். ஒரு நிமிடம் அவ்வளவு நீளம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. உவரியில் படகு கவிழ்ந்தவன் ஒருவனோடு ஒரு ராத்திரி பேசிக்கொண்டிருந்தவன் நான். என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. இருபது நிமிடம் ஆனதும் எழுந்தார்.

“சரி அண்ணாச்சி” என்றார். கோபம் இல்லை. குளிர் இன்னும் போகவில்லை என்று தெரிந்துகொண்டவர் சொல்வது போல.

அறையைப் பூட்டிவிட்டார்கள். அந்தம்மாவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அவர் எழுதிக் கொடுத்ததை வாட்ச்மேன் பார்த்தாராம். ‘பதினொன்று பதினாலுக்கு அறையை விட்டுப் போனேன், பதினொன்று இருபத்தாறுக்குத் திரும்பினேன்.’ வேறு ஒரு எழுத்து இல்லை.

“இந்தத் தடவ நீட்ட மாட்டாவ வே” என்றார் வாட்ச்மேன். “ஒரு வார்த்த கூட எழுதலாம்லா அந்தம்மா? நீரு என்ன, அங்கன நின்ன ஆளுதான? என்ன நடந்துச்சி?”

“வெடிச்சுது” என்றேன்.

செவ்வாய், புதன், வியாழன். ஒன்பது மணிக்கு வருவார். சேலை மடிப்பு தைத்திருக்கும். பூட்டிய கதவுக்கு வெளியே முக்காலி. எனக்கு வணக்கம் சொல்வார். சோறு கொண்டு வந்திருந்தால் கொஞ்சம் எனக்கும் வைப்பார். எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பொய்யாவது சொல்லியிருப்பேன். வியாழக்கிழமை அவர் வைத்த புளிச்சோற்றைக் காக்கைக்குப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தூக்குச்சட்டியைக் கழுவக் குழாயடிக்குப் போனார். நோட்டு முக்காலியில் இருந்தது. எடுத்தேன். திங்கள்கிழமைப் பக்கத்தில் பாதி இடம் காலியாக விட்டிருந்தார். எனக்காக விட்டாரா என்று தெரியாது. எழுதினேன். ‘அந்தம்மா தொடாதிய என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். நான் தொட்டேன். வால்வையும் மரையையும் திறந்தது நான்தான்.’ கையெழுத்துப் போட்டேன். பிரித்தபடியே கொண்டுபோய் சாருடைய மேசையில் வைத்தேன். சார் சாப்பிடப் போயிருந்தார். பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகக் கால்வாய்க் கரைக்கு வந்துவிட்டேன். காத்திருந்து என்ன ஆகிறது என்று பார்க்கும் தைரியம் எனக்கு எந்த ஊரிலும் இருந்ததில்லை.

மறுநாள் காலை மேலப்பாளையத்தில் ஒரு டீக்கடையில் நின்று வேலை விசாரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வாட்ச்மேன்.

“எங்கன வே இருக்கீரு? சொல்லாமக் கொள்ளாம.”

“வந்துட்டேன். அங்க என்ன?”

“சாரு நோட்டப் படிச்சிட்டு அந்தம்மாட்டயே திருப்பிக் குடுத்துட்டாரு. காலைல ரூமத் தொறந்து விட்டுட்டாரு. அந்தம்மா உள்ள கூரையத் தொடச்சிக்கிட்டிருக்கு.”

“கடுதாசி?”

“அது தெரியல. ஆனா உமக்கு ஒரு சேதி. நீரு எழுதுனதுல நேரம் போடலியாம். கேட்டுச் சொல்லச் சொல்லுது.”

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

“பதினொண்ணு இருவதுக்குத் தொறந்தேன்னு சொல்லும். மரையில ஸ்பேனர வச்சது இருவத்தஞ்சுக்கு.”

அந்தப் பக்கம் வாட்ச்மேன் திரும்பி உரக்கச் சொல்வது கேட்டது. வலது காதுப் பக்கம் நின்று சொல்லியிருக்க வேண்டும்.

“சரிங்குது” என்றார் வாட்ச்மேன்.

டீக்கடைக்காரர் சொன்ன சோடா கம்பெனி இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஆள் தேவை என்றார் அதை நடத்தும் பாய். சிலிண்டர் உருட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். உள்ளே போனால் அதே வாயு, அதே மாதிரி சிலிண்டர், இங்கே துரு ஏறிய குழாய். தீர்ந்துபோன சிலிண்டரை மாற்ற வேண்டும். வெளியே ஆட்டோவில் காலிப் புட்டிகள் காத்திருந்தன. வால்வை அடைத்துவிட்டு, குழாயில் மிச்சமிருந்ததை வெளியே விட்டேன். முள் பூச்சியத்துக்கு வந்தது.

“அதான் பூச்சியம் காட்டுதுல்லா, கழட்டும்வே” என்றார் பாய். “இது சோடா கம்பெனி. ராக்கெட்டா விடுதோம்?”

குழாயைப் புறங்கையால் தொட்டேன். குளிர்ந்தது.

மூலையில் ஒரு முக்காலி கிடந்தது. அதை இழுத்துப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தேன். பாய் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒன்பது ஐம்பத்திரண்டு.